வழுவும் திருத்தமும்

திருத்தம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரண்டு முகங்கள் உண்டு. காடு திருத்திக் கழனியாக்கினான் என்னும்போது அச்சொல் ஆக்கத்தைக் குறிக்கிறது. ஆசிரியர் கட்டுரையைத் திருத்தினார் என்னும்போதோ, கேட்கும் மாணவனின் மனத்தில் சிவப்பு மையும் குறைந்த புள்ளிகளுமே தோன்றுகின்றன. இந்நாட்டிற்குக் காடு திருத்த வந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு முதற்பொருள் மெல்ல மறந்து, இரண்டாம் பொருளே நிலைத்துவிட்டது. திருத்துவது அதிகாரம், திருத்தப்படுவது இழிவு. இப்படி எண்ணுவதற்கு நாம் பழகிவிட்டோம்.

மாணவரிடத்தில் மட்டுமன்று, ஆசிரியர் அறையிலும் இவ்வெண்ணம் குடிகொண்டிருக்கிறது. ஓராசிரியர் தயாரித்த வினாத்தாளை இன்னோராசிரியர் பார்த்து, "இவ்வினாவுக்கு இரண்டு விடைகள் பொருந்துகின்றனவே" என்று சொன்னால், சொன்னவர் பகைவராகிறார். அதனால் பலர் சொல்லாமலே கையொப்பமிட்டுவிடுகின்றனர். வினாத்தாளின் அடியில் 'சரிபார்த்தவர்' என்று ஒரு கோடு இருக்கும். அக்கோட்டின் மேல் ஒரு பெயரும் இருக்கும். ஆனால் அப்பெயருக்கு உரியவர் உண்மையில் சரிபார்த்தாரா என்பது அவர் நெஞ்சுக்கு மட்டுமே தெரியும். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்தபின் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் கண்டு வருந்திய நிலை இது.

இதற்கொரு மாற்று வழி உண்டு என்பதை எனக்குக் காட்டியது, நான் சற்றும் எதிர்பாராத ஒரு துறை. அது கணினித் துறை.

இலக்கணம் கற்பிக்கும் நமக்கு 'வழு' என்னும் சொல் புதிதன்று. திணைவழு, பால்வழு, காலவழு என்று வகுத்துக் கற்பிக்கிறோம். வழுவாயினும் காரணம் கருதி ஏற்றுக்கொள்ளப்படுவதை வழுவமைதி என்கிறோம். கணினி நிரல்களில் நேரும் பிழையை ஆங்கிலத்தார் பூச்சி என்று பொருள்படும் சொல்லால் வழங்க, கணித்தமிழ் அறிஞர்கள் அதற்கு 'வழு' என்னும் இப்பழஞ்சொல்லையே எடுத்தாண்டனர். இது மிகப் பொருத்தமான ஆட்சி என்பது என் துணிபு. பூச்சி எங்கிருந்தோ பறந்து வருவது. வழுவோ எழுதியவன் கையிலிருந்து பிறப்பது. அதனை எழுத்துக்குள்ளேயே தேடிக் காணவேண்டும், எழுத்தினாலேயே களையவேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவர் இன்று தலைநகரில் கணினிப் பாதுகாப்புத் துறையில் பணியாற்றுகிறார். பள்ளி விடுமுறை ஒன்றில் என் இல்லத்திற்கு வந்த அவர், தம் மடிக்கணினியைத் திறந்து என் முன் வைத்தார்.

"ஐயா, நான் படிக்கும் காலத்தில் என் கட்டுரை ஏடுகளை நீங்கள் திருத்தினீர்கள். இன்று ஒரு திருத்தத்தையே உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன். இது சரியான திருத்தமா என்று நீங்கள் பார்த்துச் சொல்லவேண்டும்" என்றார்.

"தம்பி, எனக்கு நிரல் எழுதத் தெரியாதே" என்றேன்.

"நிரல் தெரியவேண்டியதில்லை, ஐயா. காரணம் கேட்கத் தெரிந்தால் போதும்" என்றார் அவர்.

அவர் காட்டிய திருத்தம் 2021-ஆம் ஆண்டில், திறமூல மென்பொருள் ஒன்றில் செய்யப்பட்டது. திறமூலம் என்பது, மென்பொருளின் மூல எழுத்து மறைக்கப்படாமல் எவரும் படிக்கவும் திருத்தம் முன்மொழியவும் பொதுவில் வைக்கப்படும் முறை. அம்மென்பொருளின் பெயர் எஸ்இலினக்ஸ். அமெரிக்க நாட்டின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000-ஆம் ஆண்டு திசம்பரில் அதனைப் பொதுமக்களுக்கு வெளியிட்டது. 2003-இல் அது லினக்ஸ் இயங்குதளத்தின் கருப்பகுதியில் சேர்க்கப்பட்டது. 2014-இல் வெளிவந்த ஐந்தாம் ஆண்ட்ராய்டு பதிப்பு முதல், அவ்வகைக் கைப்பேசிகள் அனைத்திலும் அது முழுமையான காவல் செய்து வருகிறது. நம்மிற் பலர் சட்டைப்பையில் அந்தக் காவலாளியைச் சுமந்து திரிகிறோம். ஆனால் அவன் பெயரை அறியோம்.

அக்காவலின் இயல்பை மாணவர் எனக்கு விளக்கினார். ஒரு கணினிக்குள் நூற்றுக்கணக்கான நிரல்கள் ஓடுகின்றன. ஆயிரக்கணக்கான கோப்புகள் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளச் சீட்டு ஒட்டப்படுகிறது. இந்தச் சீட்டுடைய நிரல் அந்தச் சீட்டுடைய கோப்பைப் படிக்கலாம், எழுதலாகாது, அழிக்கலாகாது. இப்படி விதிகள் வகுக்கப்படுகின்றன. விதியில் அனுமதிக்கப்படாதது எதுவும் நடவாது. அவ்விதிகளின் தொகுப்பையே பாதுகாப்புக் கொள்கை என்கின்றனர்.

மனிதர் படிக்கும் மொழியில் எழுதப்பட்ட அக்கொள்கையைக் காவல் செய்யும் கருப்பகுதி நேரே புரிந்துகொள்ளாது. இடையே ஒரு பெயர்ப்பாளன் வேண்டும். அவனே 'கம்பைலர்' எனப்படும் தொகுப்பி. எனவே இங்கு மூவர் உளர்: விதி எழுதுபவர் ஒருவர், அதனைப் பெயர்த்துத் தருபவர் ஒருவர், வாயிலில் நின்று நிறைவேற்றுபவர் ஒருவர். எழுதுபவர் நல்லவராயிருக்கலாம், நிறைவேற்றுபவர் விழிப்பாயிருக்கலாம். இடையில் நிற்பவன் தவறினால் இருவர் உழைப்பும் வீணே.

தொகுப்பிக்கு இன்னொரு கடமையும் உண்டு. விதிகளைப் பெயர்ப்பதோடு அவை தம்முள் முரண்படாமலும் அவன் பார்க்கவேண்டும். 'இது ஒருபோதும் கூடாது' என்று ஒரு வகை விதியை எழுதிவைக்க எஸ்இலினக்சில் இடமுண்டு. அது யாருக்கும் எந்த அனுமதியையும் தருவதன்று. பின்னர் எழுதப்படும் எந்த அனுமதியாவது அந்த எல்லையை மீறினால், தொகுப்பி வேலையை நிறுத்திவிட்டு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டவேண்டும். நன்னூலார் நூற்குற்றம் பத்தினுள் 'மாறுகொளக் கூறல்' என ஒன்றை எண்ணினாரன்றோ? அக்குற்றத்தைத் தேடும் பொறி இது எனலாம்.

இதைக் கேட்டபோது, சில ஆண்டுகளுக்கு முன் நான் துணைத் தலைமையாசிரியராகப் பணியாற்றிய ஒரு பள்ளியில் நடந்த நிகழ்ச்சி என் நினைவுக்கு வந்தது. அங்கு நான் செல்லுமுன்பே எழுதப்பட்ட இரண்டு சுற்றறிக்கைகள் வாயிற்காவலர் அறையில் ஒட்டப்பட்டிருந்தன. பெற்றோர் எழுதித் தந்த பட்டியலில் இல்லாத எவருடனும் மாணவரை அனுப்பலாகாது என்பது முதலாவது. பள்ளி வேன் ஓட்டுநர் வர இயலாத நாளில், வேன் உரிமையாளர் தொலைபேசியில் தெரிவித்தால் மாற்று ஓட்டுநருடன் அனுப்பலாம் என்பது இரண்டாவது. தனித்தனியே படித்தால் இரண்டிலும் குற்றமில்லை.

மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தியின் பெற்றோர் பிரிந்து வாழ்ந்தனர். பிள்ளையைத் தந்தையிடம் ஒப்படைக்கக் கூடாதென்று தாயார் எழுதிக் கொடுத்திருந்தார். ஒருநாள் வேன் ஓட்டுநருக்கு உடல்நலமில்லை. மாற்று ஓட்டுநராக வந்தவர் அந்தத் தந்தையே. உரிமையாளர் முறைப்படி தொலைபேசியில் சொல்லியிருந்தார். காவலர் இரண்டாம் சுற்றறிக்கையைப் பார்த்தார், அனுப்பிவிட்டார். பிள்ளை வீடு சேரவில்லை. தாயார் பள்ளிக்கு ஓடிவந்து அலறிய அலறல் இன்றும் என் காதில் ஒலிக்கிறது. அந்தி மயங்குமுன் பிள்ளை பாட்டி வீட்டில் நலமாக இருப்பது தெரியவந்தது. தீங்கொன்றும் நேரவில்லை. ஆயினும் அந்த மூன்று மணி நேரம், ஒருபோதும் கூடாது என்று எழுதப்பட்டிருந்த ஒன்று, விதிப்படியே நடந்தேறியிருந்தது! இரண்டு தாள்களையும் ஒருங்கே வைத்துப் படிக்க எவரும் பணிக்கப்படவில்லை என்பதே அதன் காரணம்.

ஆகவே, முரண்களைத் தேடும் அந்தத் தொகுப்பியின் மேல் எனக்கு உடனே மதிப்புப் பிறந்தது. அதிலேயே வழு இருந்தது என்று மாணவர் சொன்னபோது, மதிப்பு அக்கறையாக மாறியது.

2021 மார்ச்சில் வெளிவந்த எஸ்இலினக்ஸ் 3.2-ஆம் பதிப்பின் தொகுப்பியில் நான்கு வழுக்கள் கண்டறியப்பட்டு, உலகப் பொதுப் பதிவேட்டில் 2021-36084 முதல் 2021-36087 வரை எண்ணிடப்பட்டன. மாணவர் எனக்குக் காட்டியது அவற்றுள் மூன்றாவது. அதனை நான் புரிந்துகொண்ட வகையில், நம் பள்ளி வாழ்க்கையிலிருந்தே ஓர் உவமை சொல்லி விளக்குகிறேன்.

பள்ளி நூலகத்தில் ஒரு பேரகராதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனை ஐந்து வகுப்புகள் பயன்படுத்துகின்றன. ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு துண்டுச் சீட்டு உண்டு. அகராதி எந்த அடுக்கில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஆண்டின் நடுவில் ஒரு விருப்பப் பாடம் கைவிடப்படுகிறது. அதனால் கால அட்டவணை முழுவதையும் புதிதாய் அமைக்கவேண்டியதாகிறது. பழைய சீட்டுகளைக் கிழித்துவிட்டுப் புதியன எழுத வேண்டும். இப்போது ஒரு வகுப்பு, தன் சீட்டைக் கிழிப்பதோடு நில்லாமல், நூலகத்திற்குச் சென்று அகராதியின் தாள்களையே பிய்த்துவிடுகிறது! மற்ற நான்கு வகுப்புகளின் சீட்டுகளும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றை நம்பிச் செல்லும் மாணவன் அங்கே வெற்றிடத்தைக் காணலாம். அதைவிடக் கேடாக, அவ்விடத்தில் வேறு நூல் வைக்கப்பட்டிருந்தால், அதனையே அகராதியென்று எண்ணிப் பொருள் கொள்ளலாம்.

தொகுப்பியில் நடந்ததும் இதுவே. சில அனுமதிகளை ஒரு தொகுதியாக்கி அதற்கொரு பெயரிட்டு வைத்தால், பல விதிகள் அப்பெயரைச் சுட்டிப் பயன்படுத்திக்கொள்ளலாம். கொள்கையில் ஒரு விருப்பப் பகுதி பொருந்தாமற் போனால், தொகுப்பி அதனை நீக்கிவிட்டு இணைப்புகளைப் புதிதாய் அமைக்கும். அவ்வேளையில், சுட்டிக்கொண்டிருந்த ஒரு விதி தன் சுட்டை மட்டும் துடைக்காமல், சுட்டப்பட்ட தொகுதியையே துடைக்கச் சென்றது. கைவிடப்பட்ட நினைவகப் பகுதியைப் பின்னரும் உயிருள்ளதாக எண்ணி நிரல் படிக்க முயன்றது.

திருத்தம் என்ன செய்தது? மிகச் சில வரிகளே மாறின. தொகுதியைத் துடைக்கும் கட்டளை நீக்கப்பட்டது. தன் சுட்டை மட்டும் வெறுமையாக்கும் கட்டளை அவ்விடத்தில் வந்தது. உடன் எழுதப்பட்டிருந்த விளக்கம்தான் என் உள்ளத்தைக் கவர்ந்தது. அதன் சாரம் இது: இந்த அமைப்பு அந்தத் தொகுதியைப் படைக்கவில்லை, ஆகையால் அதனை அழிக்கும் உரிமையும் இதற்கில்லை.

நான் சிறிது நேரம் பேசாதிருந்தேன். தன்னால் ஆக்கப்படாததை அழிக்கத் தனக்கு உரிமையில்லை என்பது ஓர் அறநூலில் இடம்பெறத்தக்க கருத்தன்றோ? அது கணினிக்குள் ஒரு காரணமாக எழுதப்பட்டிருந்தது.

"சரி, ஐயா. திருத்தத்தைப் பாருங்கள். ஏற்கலாமா?" என்று மாணவர் கேட்டார்.

என் ஆசிரியப் புத்தி விழித்துக்கொண்டது. "அகராதியை உண்மையில் படைத்தது யார்? அதனைத் துடைக்கும் பொறுப்பு அவரிடம் இருக்கிறதா? இந்த வகுப்பு துடைக்காமல் விட்டால், துடைக்க வேண்டிய வேளையில் வேறெவரும் துடைக்காமலே போய்விடுவார்களோ?" என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்தது. "இதுவே சரிபார்ப்பவர் கேட்கவேண்டிய கேள்வி, ஐயா. அந்தத் தொகுதி அறிவிக்கப்பட்ட இடத்தில், அதற்குரியவரே அதனைத் துடைக்கும் ஏற்பாடு தனியே இருக்கிறது" என்றார்.

"இதே பிழை வேறு இடங்களிலும் உண்டா?" என்று அடுத்துக் கேட்டேன்.

"அந்நான்கு எண்களுள் முதல் மூன்றும் அவ்வகையினவே, ஐயா. உடன்பிறந்த பிழைகள்" என்றார்.

மாணவன் ஒருவன் 'அவைகள் வந்தது' என்று எழுதினால், அந்த ஓரிடத்தைத் திருத்திவிட்டு நாம் அமைதி கொள்வதில்லை. அவனது ஏடு முழுவதிலும் ஒருமை பன்மை மயக்கம் இருக்குமென்று தேடுகிறோம். நல்ல சரிபார்ப்பாளனும் அவ்வாறே தேடுகிறான். அன்று எனக்குக் கணினியும் கட்டுரை ஏடும் வேறுவேறாகத் தோன்றவில்லை.

அத்துறையினர் திருத்தத்தை முன்வைக்கும் முறையை இங்கு விரித்துரைப்பது ஆசிரியர்களுக்குப் பயன்படும். முதலாவது, பழைய வரி மறைக்கப்படுவதில்லை. கழித்தற் குறியிட்ட பழைய வரியும் கூட்டற் குறியிட்ட புதிய வரியும் அடுத்தடுத்து நிற்கும். எது இருந்தது, எது ஆயிற்று என்பதை எவரும் காணலாம். இரண்டாவது, திருத்துபவர் காரணத்தை எழுதியே ஆகவேண்டும். 'பிழை, திருத்தினேன்' என்றால் ஏற்கமாட்டார்கள். பிழை எவ்வாறு தோன்றுகிறது, எந்த உள்ளீட்டைத் தந்தால் வெளிப்படுகிறது, இம்மாற்றம் ஏன் போதுமானது என்பவற்றைச் சொல்லவேண்டும். மூன்றாவது, திருத்துபவர் தம் பெயரை ஒப்பமிடுகிறார். லினக்ஸ் உலகில் 2004 முதல் நிலைபெற்ற வழக்கம் இது. இதனை எழுதி அளிக்கும் உரிமை எனக்குண்டு என்னும் உறுதிமொழி அவ்வொப்பத்தின் பொருள். சரிபார்த்தவரும் சோதித்தவரும் தனித்தனியே தம் பெயரை இடலாம். அவர்கள் பெயர் அந்நிரலின் வரலாற்றில் என்றும் நிற்கும். நான்காவது, கேள்விகள் எழுத்தைப் பற்றியனவாகவே இருக்கவேண்டும். எழுதியவரைப் பற்றியனவாக இருத்தலாகாது. இந்நான்காம் நெறி எப்போதும் காக்கப்படுகிறது என்று நான் சொல்லமாட்டேன். கடுஞ்சொற்கள் அங்கும் உண்டு என்று மாணவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் நெறி இன்னதென்பதில் ஐயமில்லை.

தமிழ் மரபுக்கு இது அயலானதன்று. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில் அரங்கேறியபோது, அதங்கோட்டாசான் முன் குற்றமற விளக்கப்பட்டதென்று பனம்பாரனாரின் பாயிரம் தெரிவிக்கிறது. நூலின் பெருமையைச் சொல்லவந்த பாயிரமே, நூலைச் சோதித்தவர் பெயரையும் பொறித்துவைத்திருக்கிறது. ஆசிரியர் பெயரோடு சரிபார்த்தவர் பெயரையும் பல நூற்றாண்டுகள் சுமந்துவந்த மொழி நம்முடையது. அவ்வழக்கத்தை நாம் வெறும் கையொப்பக் கோடாகச் சுருக்கிவிட்டோம்.

இனி, இவ்வழு எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்பதும் சுவையான செய்தி. எந்தப் பேரறிஞரும் உற்றுப் படித்துக் கண்டதன்று. பொருளற்ற உள்ளீடுகளையும் பாதி சரியான உள்ளீடுகளையும் இலட்சக்கணக்கில் இயந்திரம் உருவாக்கித் தொகுப்பியின் வாயில் திணித்துக்கொண்டேயிருக்கும். எங்கே அது தடுமாறி விழுகிறதோ அங்கே வழு இருக்கிறது. கூகள் நிறுவனம் 2016-இல் தொடங்கிய ஒரு திட்டம் திறமூல மென்பொருள்களுக்கு இச்சோதனையை இடையறாது செய்து வருகிறது.

இம்முறையின் பிறப்பிடம் ஒரு வகுப்பறை. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பார்ட்டன் மில்லர் என்னும் பேராசிரியர், 1988-இல் ஓர் இடிமழை இரவில் தொலைபேசிக் கம்பிவழித் தம் கணினியோடு தொடர்பு கொண்டிருந்தார். மழையின் இரைச்சலால் கம்பியில் வேண்டாத எழுத்துகள் புகுந்தன, நிரல்கள் விழுந்தன. பிறர் எரிச்சலோடு படுக்கச் சென்றிருப்பர். அவரோ அதனைத் தம் மாணவர்களுக்கு ஒரு பயிற்சியாகக் கொடுத்தார். தாறுமாறான எழுத்துகளை ஊட்டினால் எத்தனை நிரல்கள் தாங்குகின்றன என்று பார்க்கச் சொன்னார். சோதித்தவற்றுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை விழுந்தன. 1990-இல் அம்முடிவு வெளியிடப்பட்டது. ஓராசிரியர் தந்த ஒரு பயிற்சி இன்று உலகெங்கும் கணினிகளைக் காக்கிறது. நாம் நாள்தோறும் தரும் பயிற்சிகளை இனிச் சிறியன என்று எண்ணலாமா?

ஒன்றைப் பெருமைப்படுத்துவதற்காக மற்றொன்றை மறைப்பது ஆசிரியர்க்கு அழகன்று. நான் கண்ட இவ்வழு உலகை உலுக்கியதன்று. ஆனால் உலுக்கிய வழுக்களும் திறமூலத்தில் உண்டு. இணையத்தில் மறைமொழி காக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில், 2011-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அனுப்புபவர் சொல்லும் நீளத்தை அப்படியே நம்பாமல் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை அதில் விடுபட்டிருந்தது. ஒருவர் எழுதினார், இன்னொருவர் சரிபார்த்தார், இருவர் கண்ணுக்கும் படவில்லை. 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்னும் பெயரில் அது வெளிப்படும்வரை, இரண்டாண்டுகளுக்கு மேல் எல்லார் முன்னும் திறந்தே கிடந்தது. திறந்து வைத்திருப்பது வேறு. படித்துப் பார்ப்பது வேறு.

2024 மார்ச்சில் நடந்தது இன்னும் கொடியது. எக்ஸ்இசட் என்னும் சுருக்கக் கருவியைப் பல்லாண்டுகளாகப் பெரும்பாலும் தனியொருவரே பராமரித்து வந்தார். களைத்துப்போயிருந்த அவருக்கு உதவுவதாக ஒருவர் வந்தார். ஈராண்டுக்கு மேல் நல்ல திருத்தங்களை அளித்து நம்பிக்கையைப் பெற்றார். பொறுப்பும் கைக்கு வந்தபின் இரகசியக் கதவொன்றைப் பதித்தார். ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர், தொலைக்கணினிக்குள் நுழைய வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாகிறதே என்று ஐயுற்றுத் துருவியதால் சூழ்ச்சி வெளிப்பட்டது. அரை நொடி! 'ஏன்?' என்று கேட்ட ஒருவரால் எத்தனையோ கணினிகள் தப்பின. பாராட்டுக்குரியவர் அவர். ஆனால் என் நெஞ்சைத் தைத்தது, தனியே நின்று களைத்த அந்த முதற்பொறுப்பாளரின் நிலை. ஒருவர் தோளிலேயே எல்லாச் சுமையையும் ஏற்றிவிட்டு, பின்னர் சுமை சரிந்ததே என்று வருந்துவது உலகியல்பு. நம் பள்ளிகளில் தேர்வுப் பணி, இணையப் பதிவுப் பணி, விழாப் பணி யாவும் எப்போதும் முகஞ்சுளிக்காத ஓராசிரியர் தலையிலேயே விழுவதை நாம் அறியாதவர்களா?

தொகுப்பியைக் குறித்து இன்னுமொரு செய்தி. டியூரிங் விருது பெற்ற கென் தாம்சன், 1984-இல் வெளிவந்த தம் உரையில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். மூல எழுத்தில் எந்தக் களங்கமும் இல்லாமலே, தொகுப்பி மட்டும் கெட்டிருந்தால், அது உருவாக்கும் நிரல்களில் கள்ளக் கதவை நுழைக்க இயலும். தன் அடுத்த பதிப்பிலும் அக்கேட்டைத் தானே தொடர இயலும் என்று செய்துகாட்டினார். மூலம் தூயதாயினும் இடைநின்று பெயர்ப்பவர் தூயவரல்லரெனில் பயனில்லை. பாடநூலுக்கும் மாணவனுக்கும் இடையே நிற்கும் நாமும் அத்தகைய பெயர்ப்பாளர்களே. பாடத்திட்டம் எழுதுபவர் ஒன்றைக் கருதுகிறார். மாணவன் ஒன்றைப் பெறுகிறான். இடையில் நேரும் மாற்றத்திற்கு நாமே பொறுப்பு. நம்மைச் சரிபார்ப்பவர் யார்?

அவ்வினா என்னை உறங்கவிடவில்லை. பள்ளி திறந்தபின், என் பள்ளியில் ஒரு சிறு மாற்றத்தைத் தொடங்கினேன். ஒவ்வொரு வினாத்தாளும் இன்னோராசிரியரிடம் செல்லும். அவர் வெறுமனே கையொப்பமிடுதல் ஆகாது. குறைந்தது ஒரு கேள்வியாவது எழுதவேண்டும். ஆக்கியவர் அக்கேள்விக்கு எழுத்தில் மறுமொழி தரவேண்டும். திருத்தத்தை ஏற்காமலும் இருக்கலாம். ஆனால் காரணம் சொல்லாமல் இருக்கலாகாது. என் சுற்றறிக்கைகளுக்கும் இதுவே விதி என்று முதற்கூட்டத்திலேயே அறிவித்தேன். தலைமையாசிரியர் எழுத்து மட்டும் இவ்விதிக்குப் புறனடை என்றால் வேறெவர் இதை மதிப்பார்?

ஆறாம் ஆண்டு வகுப்பிலும் சிறிது மாற்றினோம். பிழையான வரியை அழிக்க வேண்டாம் என்று மாணவர்களிடம் சொன்னோம். அதன்மேல் ஒரு மெல்லிய கோடு. கீழே திருத்திய வரி. அதற்குக் கீழே ஒரே வரியில் காரணம். 'வலிமிகும் இடம், இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்பட்டு வந்துள்ளது' என்று ஒரு சிறுமி எழுதியிருந்ததைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லில் அடக்க இயலாது. ஆசிரியர் திருத்தியதை அப்படியே படியெடுத்திருந்தால், அவள் அவ்விதியை அன்றே மறந்திருப்பாள்.

எல்லாம் இனிதே நடக்கிறது என்று சொல்வேனாயின் அது உண்மையாகாது. பணியில் மூத்த ஆசிரியர் ஒருவர் இன்றும் தம் வினாத்தாளைப் பிறரிடம் தர மனமின்றியே தருகிறார். "இருபத்தைந்து ஆண்டுகள் பாடம் நடத்திய என்னை, நேற்று வந்த பிள்ளை கேள்வி கேட்பதா?" என்று ஒருநாள் என்னிடம் குமுறினார். அவர் வலியை நான் சிறிதும் இகழவில்லை. திருத்தத்தை இழிவென்று கற்பித்த ஒரு காலத்தின் மாணவர் அவர். நானும் அக்காலத்தின் மாணவனே. அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணே, அந்தப் பிள்ளை உங்களைக் கேட்கவில்லை, வினாவைத்தான் கேட்கிறது. அந்த வினாவைப் பார்த்து நாளை ஒரு மாணவன் விழிப்பதற்குமுன் அது கேட்டுவிடுவது நல்லதல்லவா?" அவர் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் அடுத்த வினாத்தாளில் அவ்விளம் ஆசிரியை எழுதிய கேள்விக்கு நேரே, தம் அழகிய கையெழுத்தில் இரண்டு வரி விடை எழுதியிருந்தார். ஒரு வினாவை மாற்றியுமிருந்தார்.

வழு இல்லாத நூல் இல்லை. வழு இல்லாத நிரலும் இல்லை. வழு இல்லாத ஆசிரியரும் இல்லை. ஆகவே ஒரு பள்ளியின் தரத்தை அதில் நேரும் பிழைகளின் எண்ணிக்கையால் அளத்தல் பொருந்தாது. பிழையை எத்துணை விரைவில் காண்கிறார்கள், கண்டவர் அஞ்சாமல் சொல்லமுடிகிறதா, திருத்தியவர் காரணம் தருகிறாரா, சரிபார்த்தவர் தம் பெயருக்குப் பொறுப்பேற்கிறாரா என்பனவே அளவுகோல்கள். தமிழ்ப்பள்ளியைத் தேடிவரும் பெற்றோர் தம் பிள்ளைகளை நம்மை நம்பியே அனுப்புகின்றனர். அவர்களை நாம் படைக்கவில்லை. அவர்கள் உள்ளத்தில் முளைக்கும் தன்னம்பிக்கையையும் நாம் படைக்கவில்லை. அதனைத் துடைத்தழிக்கும் உரிமை நம் சிவப்பு மைக்கு இல்லை. நாம் துடைக்கவேண்டியது பிழையை மட்டுமே.